கடையில வாங்குன நியான் டெட்ரா வந்து 4 நாள்ல தொட்டியே காலி, இப்ப எப்படி கழுவுறது?

செந்தூல்காரன் | புதன், இரவு 11:40

வணக்கம் எல்லாருக்கும். நான் இங்க ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு போறவன், எழுதுனதே இல்ல, இப்ப எழுத வேண்டியதா போச்சு. வீட்டுல 2 அடி தொட்டி ஒன்னு, தண்ணி மட்டும் 55 லிட்டர் இருக்கும். மூனு வருஷமா ஒரு பிரச்சனையும் இல்ல, ப்ளாட்டி ஒரு 9, கப்பி கொஞ்சம், ஒரு சக்கர் (கண்ணாடில ஒட்டிக்குமே அந்த மீன்), அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. போன சனிக்கிழம மகளுக்கு பொறந்தநாள், நீலமா மின்னுற மீன் வேணும்னு அடம், சரின்னு கடைக்கு போயி 12 நியான் டெட்ரா வாங்குனேன் (கடை பேரு வேணாம் லா, விடுங்க). வீட்டுக்கு வந்து பைய வெட்டி தண்ணியோட அப்படியே உள்ள ஊத்திட்டேன்.

திங்கக்கெழம காலைல பாக்குறேன், டெட்ரா வாயில வெள்ளையா பஞ்சு மாதிரி. சாயந்திரம் 3 செத்து கெடக்குது. செவ்வாய்க்கெழம 7. அதுக்கப்புறம் ப்ளாட்டிக்கும் கப்பிக்கும் வந்துருச்சு. இன்னிக்கு வேல முடிஞ்சு வந்து பாத்தா ஒரு கெழட்டு பெண் ப்ளாட்டியும் சக்கரும்தான் மிச்சம். மகளுக்கு இன்னும் சொல்லல, தூங்கிட்டா, தொட்டி மேல துண்ட போட்டு மூடி வச்சிருக்கேன்.

தொட்டிய எப்படி கழுவுறது? சவுக்காரம் போடலாமா? கல்லு, கட்டை, பில்டர் எல்லாத்தையும் தூக்கி போடணுமா?


கெப்போங் மச்சான் | வியாழன், காலை 7:05

சவுக்காரம் கிட்டயே போகாதீங்க ப்ரோ, எவ்வளவு அலசுனாலும் கல்லுல ஒட்டிக்கும். பிளீச் ஊத்துங்க, ஒரு நாள் ஊற வைங்க, அலசுங்க, வெயில்ல காய வைங்க, முடிஞ்சு போச்சு. நான் ரெண்டு தடவ பண்ணிருக்கேன். கல்ல கொதிக்க வச்சிடுங்க. மிச்சம் இருக்குற ரெண்ட ஒரு பாத்திரத்துல வச்சிட்டு தொட்டி காஞ்சதும் திருப்பி விட்ருங்க.


ஜெலுத்தோங் டிஸ்கஸ் | வியாழன், காலை 8:30

மச்சான் சொன்னதுல கடைசி வரிய மட்டும் யாரும் செய்யாதீங்க. தொட்டிய பிளீச் போட்டு பளபளன்னு ஆக்கிட்டு, சீக்கு பட்டு தப்பிச்ச மீன திருப்பி உள்ள விட்டா என்ன புண்ணியம்? வீட்ட பெயிண்ட் அடிச்சிட்டு திருடன உள்ள கூப்பிட்டு ஒக்கார வச்ச கத.

தம்பி செந்தூல், கழுவுறத அப்புறம் பாப்போம், மொதல்ல இதுக்கு பதில் சொல்லுங்க. ஒன்னு, வெள்ளையா இருந்தது உப்பு தூவுன மாதிரி புள்ளி புள்ளியாவா, இல்ல திட்டா படையாவா? ரெண்டு, முதுகுல சேணம் போட்ட மாதிரி வெளிறிப் போச்சா? மூனு, இந்த 4 நாள்ல நீங்க என்னென்ன பண்ணீங்க, மருந்து, ஹீட்டர், தண்ணி மாத்துனது, ஒன்னு விடாம. மறைக்க வேணாம், இங்க எல்லாரும் மீன கொன்னவங்கதான்.


செந்தூல்காரன் | வியாழன், மதியம் 1:15

அண்ணே, புள்ளி இல்ல, திட்டு. வாய்ல பஞ்சு, முதுகு துடுப்ப சுத்தி சாம்பல் கலர்ல வெளிறிப்போய் இருந்துச்சு, நீங்க சொன்ன மாதிரியே சேணம் போட்ட மாதிரி. டெட்ராவோட நீலக் கோடே மங்கிப் போச்சு.

நான் பண்ணது... வீடியோ ஒன்னு பாத்தேன், வெள்ளையா வந்தா ஒயிட் ஸ்பாட், சூட்ட ஏத்துனா போயிடும்னு சொன்னாங்க. பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட ஹீட்டர் கடன் வாங்கி திங்கக்கெழம ராத்திரி 31-க்கு வச்சேன். கூடவே தண்ணி கலங்கலா இருந்துச்சுன்னு பில்டர் பஞ்ச எடுத்து பைப்ப தொறந்து விட்டு நல்லா பிழிஞ்சு வெள்ளையாகுற வரைக்கும் கழுவுனேன். செவ்வாய்க்கெழம மஞ்சள் பவுடர் (மஞ்சத்தூள் இல்ல, கடையில விக்கிற மீன் மருந்து) போட்டேன், அளவு கடை தவுக்கே (முதலாளி) போன்ல சொன்னதுதான். அவ்வளவுதான் அண்ணே.


ஜெலுத்தோங் டிஸ்கஸ் | வியாழன், மதியம் 2:50

நீங்க சொல்றத வச்சு பாத்தா இது காலம்னாரிஸ் மாதிரிதான் தெரியுது. பஞ்சு மாதிரி இருக்குறதால நெறைய பேரு பூஞ்சைன்னு நெனப்பாங்க, ஆனா இது பாக்டீரியா, ஃப்ளேவோபாக்டீரியம் காலம்னாரே. மைக்ரோஸ்கோப்ல வச்சா அந்த பாக்டீரியா வைக்கப்போர் மாதிரி தூண் தூணா குமிஞ்சு நிக்கும், அதான் அந்தப் பேரு. 1922-லயே அமெரிக்காவுல டேவிஸ்னு ஒருத்தர் எழுதி வச்சிட்டாரு, புதுசா வந்த சீக்கு இல்ல.

ஒயிட் ஸ்பாட் வேற ஜாதி. அது ஒட்டுண்ணி, உப்புக்கல்லு மாதிரி தனித்தனி புள்ளியா வரும், அதுக்கு சூடு ஏத்துறது சரி, 30-க்கு மேல போனா அதால பெருக முடியாது. காலம்னாரிஸுக்கு சூடுன்னா கொண்டாட்டம். 28, 30-ல பிச்சிக்கிட்டு போகும், கடுமையான ரகமா இருந்தா ஒரு நாள் ரெண்டு நாள்ல மொத்தமும் காலி. சூடான தண்ணில ஆக்சிஜன் வேற கொறஞ்சு போகும், செவுள் ஏற்கனவே அழுகிட்டு இருக்கும், பாவம் மீன் என்ன பண்ணும். நம்ம ஊரு தண்ணி சும்மா இருந்தாலே 28 இருக்கு, அதுக்கு மேல ஹீட்டர் வேற. உங்கள குத்தம் சொல்லல தம்பி, நானும் 15 வருஷத்துக்கு முன்னாடி ஒரு தொட்டி டிஸ்கஸுக்கு இதே வேலைய பண்ணி மொத்தத்தையும் புதைச்சிருக்கேன், பப்பாளி மரத்தடியில. அந்த வருஷம் பப்பாளி நல்லா காய்ச்சுச்சு.


வாட்டர்சேஞ்ச் | வியாழன், மாலை 4:10

நியான் டெட்ரா சீக்குன்னே ஒன்னு இருக்கே அண்ணே, ப்ளீஸ்டோஃபோரா? கலர் மங்குறதுதான் அதோட அறிகுறி. அதுக்கு மருந்தே கெடையாது. அதா இருந்தா தொட்டிய தூக்கி போட்டுட வேண்டியதுதான?


ஜெலுத்தோங் டிஸ்கஸ் | வியாழன், மாலை 4:25

அது உள்ள தசைய திங்குற சீக்கு, மெதுவா வாரக்கணக்குல இழுத்துட்டு போகும், முதுகு வளையும். 4 நாள்ல டெட்ரா, கப்பி, ப்ளாட்டின்னு பாக்காம எல்லாத்தையும் அடிச்சுட்டு போகாது. வாயில பஞ்சும் வராது. உறுதியா தெரியணும்னா செத்த மீன ஆராய்ச்சி நிலையத்துல காட்டணும், எங்க ஊரு பினாங்கு, பத்து மாவுங்ல மீன்வளத் துறையோட நிலையம் இருக்கு. ஆனா மீன் செத்து கொஞ்ச நேரத்துல ஐஸ்ல வச்சு கொண்டு போகணும், ஃப்ரீஸர்ல கல்லாக்குனா திசு கெட்டுரும். இப்ப அதுக்கெல்லாம் டைம் போச்சு.


கோல்ட்ஃபிஷ் அக்கா | வியாழன், இரவு 9:20

டிஸ்கஸ் அண்ணன் சொன்னது சரி, ஆனா ஒன்ன எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க. பில்டர் பஞ்ச பைப் தண்ணில வெள்ளையாகுற வரைக்கும் கழுவிருக்காரு! மூனு வருஷமா அந்த அழுக்குலதான்பா மீன் கழிவுலேர்ந்து வர்ற அமோனியாவ தின்னுற நல்ல பாக்டீரியா குடியிருந்துச்சு. பைப் தண்ணி குளோரின் பட்டு அதுல பாதிக்கு மேல போயிருக்கும். அன்னிக்கேதான் மீன் சாகவும் ஆரம்பிச்சிருக்கு, செத்தது ராத்திரி பூரா உள்ளயே ஊறிருக்கு, மஞ்சள் பவுடரும் பில்டர் பாக்டீரியாவுக்கு நல்லதில்ல. அமோனியா எகிறிருக்கும். டெட்ராவ கொன்னது கடைச் சீக்கு, ஒத்துக்குறேன். மூனு வருஷம் நல்லா இருந்த ப்ளாட்டியும் கப்பியும் ஒரே நாள்ல போனதுக்கு அமோனியாவுக்கும் பங்கு இருக்கு. அமோனியா பாக்குற டெஸ்ட் கிட் வச்சிருக்கியா தம்பி? இருந்தா தொட்டிய காலி பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்து எழுது.


செந்தூல்காரன் | வியாழன், இரவு 10:45

கிட் இல்லக்கா. ஆபீஸ் முடிஞ்சு வாங்கிட்டு வந்தேன், சொட்டு மருந்து டைப். இப்பதான் பாத்தேன். பச்சை. ரொம்ப பச்சை. அட்டையில 4-க்கும் 8-க்கும் நடுவுல.

அழுக்க கழுவுனா நல்லதுன்னுதான நெனச்சேன்.


கோல்ட்ஃபிஷ் அக்கா | வியாழன், இரவு 10:52

எல்லாரும் அப்படித்தான் நெனக்கிறோம். அந்த ரெண்டு மீனையும் இப்பவே வெளிய எடு, காலை வரைக்கும் வைக்காத. பெரிய தோங் (தண்ணி பிடிக்கிற பீப்பா) எதாச்சும் இருக்கா? சவுக்காரம் படாதது. புது தண்ணி, ஆன்ட்டி குளோரின் (பைப் தண்ணி குளோரின போக்குற மருந்து), காத்து மோட்டார், அவ்வளவு போதும் இன்னிக்கு. பழைய தொட்டித் தண்ணி ஒரு சொட்டு கூட அதுல போகக்கூடாது.


செந்தூல்காரன் | வியாழன், இரவு 11:58

மாத்திட்டேன். அம்மாவோட நீல தோங், தண்ணி கட் ஆனா பிடிச்சு வைக்கிறதுக்கு வச்சிருந்தாங்க. காலைல எந்திரிச்சு பாத்தா என்ன சொல்வாங்களோ தெரியல.


சும்மா பாக்க வந்தேன் | வெள்ளி, காலை 6:40

அந்த ரெண்டு மீனுக்கு இவ்வளவு பாடா? சக்கர ஆத்துல விட்ருங்க லா, அது எங்கயும் பொழச்சிக்கும்.


ஜெலுத்தோங் டிஸ்கஸ் | வெள்ளி, காலை 7:15

எங்கயும் பொழச்சிக்குறதுதான் பிரச்சனையே. மலாய்க்காரங்க அதுக்கு ஈக்கான் பண்டாராயான்னு பேரு வச்சிருக்காங்க, மாநகராட்சி ஆளு மாதிரி சுத்தம் பண்ணுதாம். தென் அமெரிக்கா மீன் அது. நம்ம ஆறு பூரா இன்னிக்கு அதுதான் மண்டிக் கெடக்குது, வலைய போட்டா அதுவே வருது, கரைய தோண்டி முட்டை வைக்குது, நாட்டு மீனுக்கு எடமே இல்லாம பண்ணுது. அதுல சீக்கு பட்டத வேற கொண்டு போய் விடச் சொல்றீங்க. லோங்காங்லயும் (சாக்கடை) விடக்கூடாது, லோங்காங் எங்க போகுதுன்னு நெனக்கிறீங்க? செத்த மீன டாய்லெட்ல ஃப்ளஷ் பண்றதும் வேணாம். பைல கட்டி குப்பையில போடுங்க, இல்ல மண்ணுல ஆழமா புதைங்க.


கோல்ட்ஃபிஷ் அக்கா | வெள்ளி, காலை 11:30

சரி, இப்ப கழுவுற கதைக்கு வருவோம். இதுல எனக்கு கொஞ்சம் கிறுக்கு உண்டு, ரெண்டு தடவ வாங்குன அடி அப்படி, அதனால பெருசா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

பிளீச்ச எடுத்தவுடனே ஊத்தாத. பாசி, கழிவு, வழுவழுன்னு ஒரு படலம் இருக்கும் பாரு கண்ணாடில, அதெல்லாம் குளோரின தின்னுரும். கிருமி வரைக்கும் அது போய் சேராது. அதனால மொதல்ல வெறும் தண்ணியும் புது ஸ்பாஞ்சும் வச்சு நல்லா தேய்ச்சு எடு, மூலையில சிலிக்கான் இருக்குற எடத்த பழைய டூத் பிரஷ் வச்சு தேய். தண்ணிய எறைக்கும்போது ஹோஸ வாயில வச்சு உறிஞ்சாத. அந்த பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு, சொன்னா சிரிப்பாங்க.

அதுக்கப்புறம் தொட்டி நெறைய தண்ணி பிடி. வாசன இல்லாத, கெட்டியா இல்லாத சாதா பிளீச், லேபிள்ல 5.25 சதவீதம்னு போட்ருக்கும், அதுல லிட்டருக்கு 4 மில்லி. உன் தொட்டிக்கு 220 மில்லி. அது 200 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 200 பங்கு) போல வரும், ஒரு மணி நேரம் நிக்கட்டும், மச்சான் சொன்ன மாதிரி ஒரு நாள் பூரா ஊற வைக்க வேண்டிய அவசியமே இல்ல. வெளி பில்டரா இருந்தா காலியா அதுக்குள்ளயும் அந்த தண்ணி ஓடட்டும். வலை, தெர்மாமீட்டர், பக்கெட், மூடி, காத்து டியூப் எல்லாத்தையும் உள்ள முக்கு. வலைய மறந்துட்டா நீ பண்ணதெல்லாம் வீண், ஈர வலைதான் பெரிய தூதுவன்.

பில்டர் பஞ்சு, கார்பன், காத்து கல்லு தூக்கி போடு, அதெல்லாம் ரெண்டு மூனு வெள்ளி (ரிங்கிட்) சமாச்சாரம். கட்டைய பிளீச்ல போடாத, உள்ள உறிஞ்சிக்கிட்டு மாசக்கணக்குல கக்கும், பெரிய சட்டி இருந்தா ஒரு மணி நேரம் கொதிக்க வை, இல்லன்னா விட்ரு. சின்னக் கல்ல பிளீச்ல போடலாம், ஆனா கொதிக்க வைக்காத, அதுவும் ஆத்துல பொறுக்குன பெரிய கல்ல சுத்தமா கூடாது, உள்ள ஈரம் இருந்தா வெடிக்கும்.

ஒரு மணி நேரம் கழிச்சு கொட்டிட்டு ரெண்டு மூனு தடவ அலசு, அப்புறம் மறுபடி நெறைச்சு ஆன்ட்டி குளோரின் அதிகமா போட்டு ஒரு ராத்திரி வை. காலைல மூக்க கிட்ட கொண்டு போ, பிளீச் வாடை கொஞ்சம் கூட இருக்கக்கூடாது. கடைசியா எல்லாத்தையும் எலும்பு மாதிரி காய வை. இந்த பாக்டீரியாவுக்கு முழுசா காயுறது ஆகாது. அதுக்காக கண்ணாடிய நேரா மொட்டை வெயில்ல வச்சிட்டு திடீர்னு பச்ச தண்ணி ஊத்திடாத, விரிசல் விழும்.

முக்கியமா ஒன்னு, பிளீச் கூட வினிகரோ டாய்லெட் கழுவுற ஆசிடோ சேத்துடாத. கண்ணாடில வெள்ளக் கறை போகணும்னு சில பேரு சேப்பாங்க, குளோரின் கேஸ் கெளம்பும், ஃப்ளாட் பாத்ரூம்ல நின்னு அத பண்ணா மீனுக்கு பதிலா நீ போயிருவ.


கெப்போங் மச்சான் | வெள்ளி, மதியம் 12:40

அக்கா நான் கேள்விப்பட்டது 1-க்கு 20, அதாவது ஒரு பங்கு பிளீச் 19 பங்கு தண்ணி. நீங்க சொல்றது ரொம்ப கம்மியா இருக்கே?


கோல்ட்ஃபிஷ் அக்கா | வெள்ளி, மதியம் 1:05

அது துடைக்கிறதுக்கும் சின்ன சாமான பத்து பதினஞ்சு நிமிஷம் முக்கி எடுக்குறதுக்கும் சொல்ற அளவு. தப்பில்ல. ஆனா 55 லிட்டர் தொட்டிய அந்த கணக்குல நெறைக்கணும்னா ரெண்டே முக்கா லிட்டர் பிளீச் வேணும், அத அலசி போக்குறதுக்குள்ள விடிஞ்சிரும். அளவு கம்மி, நேரம் ஜாஸ்தி, அவ்வளவுதான் வித்தியாசம்.


வாட்டர்சேஞ்ச் | வெள்ளி, மதியம் 2:30

ஆன்ட்டி குளோரின் பத்தி: கடையில சின்ன பாட்டில்ல நீலத் தண்ணியா விக்கிறத வாங்கி ஊத்துனா 200 பிபிஎம்முக்கு பாட்டில் பாட்டிலா போகும். கண்ணாடித் துண்டு மாதிரி வெள்ளக் கல்லு பைல போட்டு விப்பாங்க பாத்தீங்களா, அதான் சோடியம் தையோசல்பேட், மலிவு. ஒரு கிராம் குளோரினுக்கு 7 கிராம் கல்லு தேவைப்படும். உங்க தொட்டில 11 கிராம் குளோரின் இருக்கும், அப்ப 80 கிராம் கல்லு கரைச்சு ஊத்துனா அந்த தண்ணிய கொட்டுறதுக்கு முன்னாடியே குளோரின் செத்துரும். லோங்காங்ல இருக்குற உயிருக்கும் நல்லது.


செந்தூல்காரன் | சனி, இரவு 8:10

இன்னிக்கு பூரா இதே வேலை. அக்கா சொன்ன மாதிரியே பண்ணேன், தேய்ச்சு, பிளீச் 220 மில்லி அளந்து (மகளோட இருமல் மருந்து கப்புல), ஒரு மணி நேரம், அப்புறம் தையோசல்பேட் கல்லு. கட்டைய தூக்கி போட்டுட்டேன், கொதிக்க வைக்க சட்டி கேட்டதுக்கு அம்மா பாத்த பார்வை இருக்கே. சின்னக் கல்லையும் தூக்கி போட்டாச்சு, அது அவ்வளவு வெல இல்ல.

மகளுக்கு சொல்லிட்டேன். அழுதா. அப்புறம் தோங் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒக்காந்துக்கிட்டு அந்த கெழட்டு ப்ளாட்டிக்கு பாட்டின்னு பேரு வச்சிருக்கா.

ஒரு சந்தேகம், புதன்கிழம தொட்டிக்குள்ள கை விட்டப்ப வெரல்ல வெங்காயம் நறுக்குன வெட்டு இருந்துச்சு. இந்த காலம்னாரிஸ் மனுஷனுக்கு வருமா?


நைட் ஷிஃப்ட் நர்ஸ் | ஞாயிறு, காலை 5:30

இது மனுஷங்களுக்கு வராது, கவலப்படாதீங்க. ஆனா தொட்டித் தண்ணில வேற ஒன்னு இருக்கலாம், மைக்கோபாக்டீரியம் மரினம், மீன் டிபின்னு சொல்வாங்க. காயம் இருக்குற கைய விட்டா ரெண்டு மூனு வாரம் கழிச்சு, சில சமயம் இன்னும் லேட்டா, அந்த எடத்துல செவப்பா கட்டி மாதிரி வரும், ஆறாது, மெதுவா கைல மேல ஏறும். சாதா புண்ணுன்னு நெனச்சு க்ரீம் தடவிக்கிட்டே மாசக்கணக்குல ஓட்டுவாங்க. அப்படி எதாச்சும் வந்தா கிளினிக்ல "நான் மீன் வளக்குறேன்"னு மறக்காம சொல்லுங்க, டாக்டருக்கு அந்த ஒரு வார்த்த போதும். இனிமே கையுறை போட்டுக்குங்க, அதோட விட்ருங்க.


ஜெலுத்தோங் டிஸ்கஸ் | ஞாயிறு, காலை 8:45

நர்ஸம்மா நல்லா ஞாபகப்படுத்துனீங்க. தொட்டி கழுவுறவங்க எல்லாருக்கும் சொல்றேன், மீன் டிபிக்கு பிளீச்ச நம்பாதீங்க. அந்த கிருமிக்கு மெழுகு மாதிரி தோல், குளோரின தாங்கும். மீன் மாசக்கணக்குல எளச்சுக்கிட்டே வந்து, முதுகு வளஞ்சு, ஒன்னு ஒன்னா சாகுதுன்னா அந்த சந்தேகம் வரணும். அதுக்கு நல்லா தேய்ச்சு கழுவி காய வச்சு 70 சதவீத ஆல்கஹால் அடிக்கணும். அதனாலதான் ஆரம்பத்துலயே என்ன சீக்குன்னு கேட்டேன். ஒயிட் ஸ்பாட்னா பிளீச்சே தேவையில்ல, மீன் ஒன்னு கூட இல்லாம தொட்டிய நம்ம ஊரு சூட்டுல ரெண்டு வாரம் ஓட விட்டாலே போதும், ஒட்டிக்க ஆளு இல்லாம குட்டி ஒட்டுண்ணி ரெண்டு மூனு நாள்ல செத்துரும், பில்டரும் தப்பிக்கும்.

தோங்ல இருக்குற ரெண்டுக்கும்: கல் உப்பு லிட்டருக்கு 1 கிராம், அயோடின் போடாதது. சக்கருக்கு உப்பு அவ்வளவா ஆகாது, அதுக்கு மேல போகாதீங்க. மேசை ஃபேன தண்ணி மேல படுற மாதிரி திருப்பி வைங்க, ரெண்டு டிகிரி கொறையும். தினமும் கால்வாசி தண்ணி மாத்தணும், புதுசா ஊத்துற தண்ணிக்கும் அதே கணக்குல உப்பு. நாலு வாரம்.


கெப்போங் மச்சான் | ஞாயிறு, காலை 10:20

நான் கேக்குறேன், இதுல கடைக்காரன யாருமே திட்டலயே? சீக்கு மீன வித்துட்டு மஞ்சள் பவுடரும் அவனே வித்து, ரெண்டு பக்கமும் காசு. காச திருப்பிக் கேளுங்க ப்ரோ.


வாட்டர்சேஞ்ச் | ஞாயிறு, காலை 11:00

நான் காலேஜ் டைம்ல ஒரு மீன் கடையில பார்ட் டைம் பாத்தவன், அதனால அந்த பக்கத்தையும் சொல்றேன். டெட்ரா பண்ணைலேர்ந்து ஒரே பைல நூத்துக்கணக்குல அடைச்சு வரும், ஒரு நாளுக்கு மேல பட்டினி, இருட்டு, அமோனியா. வந்து எறங்குன அன்னிக்கே செவத்துல வரிசையா இருக்குற தொட்டில கொட்டுவாங்க. நெறைய கடையில அந்த வரிசை பூராவுக்கும் ஒரே பில்டர், ஒரே தண்ணி, ஒரு தொட்டில சீக்குன்னா முப்பது தொட்டியிலயும் சீக்கு. ஒரே வலைய வச்சு எல்லாத்தையும் அள்ளுவாங்க, நானும் அள்ளிருக்கேன். தவுக்கே வேணும்னு சீக்கு மீன விக்கல, அவருக்கும் தெரியாது, தெரிஞ்சுக்க நேரமும் கெடையாது, சனிக்கிழம கூட்டம் அப்படி.

அதனால கடைக்கு போனா நீங்க வாங்கப் போற மீன மட்டும் பாக்காதீங்க, அந்த வரிசை பூரா பாருங்க. எங்கயாச்சும் செத்தது கெடக்கா, துடுப்ப சுருட்டிக்கிட்டு மூலையில நிக்குதா, தண்ணி நீலமாவோ மஞ்சளாவோ இருக்கா. மருந்து போட்ட தண்ணின்னா ஏற்கனவே எதோ இருக்குன்னு அர்த்தம். எப்ப வந்த சரக்குன்னு கேளுங்க. நேத்து வந்ததுன்னா ஒரு வாரம் கழிச்சு வரேன்னு சொல்லிட்டு கெளம்புங்க, சாகுறது அங்கயே சாகட்டும். கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்க, திங்கலன்னா வாங்காதீங்க. பைத் தண்ணி தொட்டிக்குள்ள போகவே கூடாது, வலையில வடிச்சு மீன மட்டும் விடுங்க.


கெப்போங் மச்சான் | ஞாயிறு, காலை 11:12

சரி சரி, ஆனா அந்த மஞ்சள் பவுடர் காசயாச்சும் கேக்கலாம்ல 😄


செந்தூல்காரன் | அடுத்த வெள்ளி, இரவு 9:50

தொட்டி காஞ்சு ரெடி. புது கல்லு, புது பஞ்சு, தண்ணி நெறைச்சாச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் அவரு தொட்டி பஞ்சுல பாதி பிச்சு தரேங்குறாரு, அத போட்டா பாக்டீரியா சீக்கிரம் வந்துரும்னு. வாங்கலாமா?


ஜெலுத்தோங் டிஸ்கஸ் | அடுத்த வெள்ளி, இரவு 10:15

அவரு தொட்டில ஆறு மாசமா புது மீன் எதுவும் வரல, ஒன்னும் சாகல, சத்தியம்னு சொன்னா வாங்குங்க. இல்லன்னா இவ்வளவு கஷ்டப்பட்டு கழுவுனதுக்கு அர்த்தமே இல்லாம போயிரும்.


கோல்ட்ஃபிஷ் அக்கா | அடுத்த வெள்ளி, இரவு 10:40

நானா இருந்தா வாங்க மாட்டேன். உரிச்ச எறால் ஒன்னு பழைய ஸ்டாக்கிங் துணியில கட்டி தொட்டிக்குள்ள தொங்க விடு, அது அழுகி அமோனியா வரும், அத தின்ன ஒரு கூட்டம் வளரும், அது நைட்ரைட் ஆக்கும், அத தின்ன இன்னொரு கூட்டம். நாலுலேர்ந்து ஆறு வாரம். அமோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் ஜீரோ, நைட்ரேட் மட்டும் ஏறிருக்குன்னா அன்னிக்குதான் மீன். நாறும். வீட்டுல இருக்குறவங்களுக்கு முன்னாடியே சொல்லி வை.


செந்தூல்காரன் | மூனாவது வாரம், திங்கள், இரவு 8:30

சொல்லி வைக்கல. அம்மா ரெண்டு நாளா ஃப்ரிட்ஜ் பூரா தேடிருக்காங்க, எதோ கெட்டுப் போச்சுன்னு சம்பல் டப்பா எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. இப்ப தெரிஞ்சு போச்சு.

அமோனியா 2-லேர்ந்து கால் அளவுக்கு எறங்கிருச்சு, நைட்ரைட் அட்டையில கடைசி கலர், கத்திரிப்பூ கலர்ல நிக்குது. பாட்டியும் சக்கரும் தோங்ல நல்லா இருக்கு, புதுசா வெள்ளத் திட்டு எதுவும் வரல.


கோல்ட்ஃபிஷ் அக்கா | மூனாவது வாரம், திங்கள், இரவு 8:55

சரியான வழியில போகுது, தொடாத. நைட்ரைட் அப்படியே ரெண்டு வாரம் நிக்கும், பொறுமை போயிரும், போக விடாத. பில்டர ஒரு நிமிஷம் கூட நிறுத்தாத. மழைக்கு கரண்ட் போனா என்ன பண்ணுவ, பேட்டரி மோட்டார் ஒன்னு வாங்கி வை.


செந்தூல்காரன் | ஆறாவது வாரம், ஞாயிறு, மதியம் 3:20

ரெண்டு நாளா ரெண்டும் ஜீரோ. பாட்டியும் சக்கரும் நேத்து தொட்டிக்கு போயாச்சு. பாட்டி உள்ள போனதும் மொத வேலையா பில்டர் பின்னாடி அதோட பழைய எடத்துக்கு போயி நின்னுக்குச்சு, கல்லு கட்டை எல்லாம் மாறியிருந்தும் எப்படி ஞாபகம் வச்சிருக்குன்னு தெரியல.

அப்புறம், திட்டாதீங்க, மகளுக்காக 8 நியான் டெட்ரா வாங்கிட்டேன். வேற கடை. சரக்கு வந்து பத்து நாள் ஆச்சுன்னு சொன்னாங்க, வரிசை பூரா பாத்தேன், தீனி போடச் சொல்லி பாத்தேன், அந்த பையன் என்ன ஒரு மாதிரி பாத்தான். தொட்டில விடல, தோங்க பிளீச் போட்டு காய வச்சு புது ஸ்பாஞ்ச் பில்டர் வச்சு அதுலதான் இருக்கு, ஸ்பாஞ்ச மட்டும் ஒரு வாரம் தொட்டிக்குள்ள போட்டு வச்சு எடுத்தேன். தனி வலை, தனி ஹோஸ், செவப்பு டேப் சுத்தி வச்சிருக்கேன். மொத தொட்டி வேலைய முடிச்சுட்டு அப்புறம்தான் தோங்ல கை விடுறது.


ஜெலுத்தோங் டிஸ்கஸ் | ஆறாவது வாரம், ஞாயிறு, மாலை 5:00

இப்பதான் மீன்காரன். நாலு வாரம், ஒரு நாள் கம்மி பண்ணாதீங்க. நாள் எண்ணும்போது எதாச்சும் ஒன்னு செத்தா திரும்ப ஒன்னுலேர்ந்து எண்ணணும்.


செந்தூல்காரன் | ஒன்பதாவது வாரம், செவ்வாய், இரவு 7:45

ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, எட்டும் இருக்கு, நல்லா திங்குது. ஆனா ஒரு சிக்கல். வியாழக்கிழமலேர்ந்து எங்க ஏரியாவுக்கு ரெண்டு நாள் தண்ணி கட்டுன்னு மெசேஜ் வந்துருக்கு. அம்மா தோங் பக்கத்துல நின்னுக்கிட்டு கைல பைப்ப வச்சிருக்காங்க. உள்ள டெட்ராவுக்கு நாலு வாரம் இன்னும் முடியல.


கோல்ட்ஃபிஷ் அக்கா | ஒன்பதாவது வாரம், செவ்வாய், இரவு 7:51

இப்பவே காடி (கார்) எடுத்துக்கிட்டு போயி அம்மாவுக்கு புது தோங் வாங்கிட்டு வா. பெருசா பாத்து வாங்கு. மீன் குடியிருந்த தோங்ல இனிமே குடிக்கிற தண்ணி பிடிக்க முடியாதுன்னு நீ இன்னும் அவங்ககிட்ட சொல்லல, அதான?


செந்தூல்காரன் | ஒன்பதாவது வாரம், செவ்வாய், இரவு 7:58

சொல்லல. கடை 9 மணிக்கு மூடுவான், கெளம்பிட்டேன்.